நெயில் பாலிஷ் வாசனை வந்தால் போலி விஸ்கியா?

சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்த விஸ்கி) விமர்சனம் எழுதும் வாசகர் ஒருவர் முதன்முறையாக 30 வருட சிங்கிள் கிரெய்ன் ஸ்காட்ச் வாங்கியிருக்கிறார். மூக்கருகே கொண்டுபோனால் நெயில் பாலிஷ் வாசனை, வாயில் தேங்காய் இனிப்பு, மால்ட்டின் கனம் இல்லை. போலியா, எப்படி மதிப்பெண் போடுவது என்று கேட்கிறார். விற்ற தரகர் "ஒரு பீப்பாயே வாங்கிப் போடுங்கள்" என்கிறாராம்.

இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. கிரெய்ன் விஸ்கியைப் பெரும்பாலும் கோதுமையிலோ மக்காச்சோளத்திலோ கொஞ்சம் மால்ட் பார்லி சேர்த்து, உயரமான தொடர்வடிப்புக் கோபுரத்தில் வடிப்பார்கள். சாராயம் 94 சதவீத ஆல்கஹாலை ஒட்டி வெளியே வரும், தானிய ருசி அதிகம் மிஞ்சாது, மீதியெல்லாம் பீப்பாய் மரத்தின் வேலை. போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் கிடந்தால் தேங்காயும் வெனிலாவும் வரத்தான் செய்யும். அந்த நெயில் பாலிஷ் நெடி எஸ்டர்கள் என்ற மணச் சேர்மங்களால் வருவது. கிளாஸில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுவிட்டு, சில சொட்டுத் தண்ணீர் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் குத்தினால் தயங்காமல் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். ஆனால் ஐலா தீவின் புகை மால்ட்டோடு ஒப்பிட்டுக் குறைக்காதீர்கள், இன்னொரு கிரெய்னைப் பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள்.

லேபிளில் கிரெய்ன் என்று இருந்தாலே மால்ட் கிடையாது என்றும் எழுதிவிடாதீர்கள். லாக் லோமண்ட் என்ற ஸ்காட்லாந்து வடிசாலையில் முழுக்க மால்ட் பார்லியிலேயே ஒரு சிங்கிள் கிரெய்ன் செய்கிறார்கள். பார்லி மட்டும்தான், ஒரே வடிசாலைதான், இருந்தும் சிங்கிள் மால்ட் என்று போட முடியாது, ஏனென்றால் 2009 ஸ்காட்ச் விஸ்கி விதிகள்படி சிங்கிள் மால்ட்டைப் பானைவடிகலத்தில்தான் வடிக்க வேண்டும், இவர்களோ இதைக் கோபுரத்தில் வடிக்கிறார்கள். சரி, விதி விதிதான், ஆனால் கடையில் பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பவருக்கு இதை யார் விளக்குவது?

இப்போது தரகர் விஷயம், எனக்கு இதுதான் பெரிய கவலை. பீப்பாயை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, ஸ்காட்லாந்தில் சுங்கக் கட்டுப்பாட்டிலுள்ள கிடங்கில்தான் இருக்கும். தரகர் நீட்டும் பளபளப்பான சான்றிதழ் உங்களை உரிமையாளர் ஆக்காது. டெலிவரி ஆர்டர் (பீப்பாயை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி விற்பவர் கிடங்குக்கு எழுதும் உத்தரவு) மூலம் பீப்பாய் உங்கள் பெயருக்கு மாறியதாகக் கிடங்கே நேரடியாக எழுதித் தர வேண்டும். ஒரே பீப்பாயைப் பலர் தலையில் கட்டிய கதைகள் வெளிவந்துகொண்டே இருக்கின்றன, சான்றிதழோ இன்னும் அச்சாகிறது! ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும், பல பீப்பாய்களில் வீரியமும் (ஆல்கஹால் சதவீதமும்) இறங்கும், 40 சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்காட்ச் என்றே விற்க முடியாது. 30 வருடச் சரக்கு என்றால் இப்போதைய லிட்டர் அளவையும் வீரியத்தையும் புதிதாக அளந்து தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் பிறகு, முதலில் முன்பணம் போடுங்கள்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.