ஜாக்கி தூக்கும், தாங்காது

வீட்டு ஷெட்டிலேயே கார் வேலை பார்க்க விரும்புகிறவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஷெட் தயார், கை மட்டும் காலி. முதலில் என்னென்ன வாங்குவது?

பதில்: உங்கள் கார் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல்தான் முதலில். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். அப்புறம் ஒரு டிராலி ஜாக்கி, தூக்கிய காரைத் தாங்கி நிற்க இரண்டு ஜாக் ஸ்டாண்டு, சக்கரத்துக்குக் கொடுக்க அடைக்கட்டை. 8 முதல் 19 மி.மீ. வரை ஒன்றும் விடாமல் ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும். சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்ச், ஆயில் பிடிக்கும் தட்டு, கையில் பிடிக்கிற நல்ல விளக்கு. கூரை விளக்கு போதாது. பானெட்டைத் திறந்தால் அதன் நிழலே இன்ஜின்மேல் விழும். வாசல் பக்கம் ஒரு ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான். மற்றதெல்லாம் வேலை வரும்போது வாங்குங்கள்.

கேள்வி: காரோடு வந்த ஜாக்கி இருக்கிறதே, ஸ்டாண்டு வேறு எதற்கு?

பதில்: அது வழியில் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாட்டக் கொடுத்தது. அதை நம்பி காருக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.

கேள்வி: 216 துண்டுகள் கொண்ட டூல் செட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிப் போட்டால் ஆயுசுக்கும் போதும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: இந்த "துண்டு" கணக்கைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. நானும் ஒரு முறை இப்படித்தான் பெரிய பெட்டி ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து தரையில் பரப்பி எண்ணிப் பார்த்தால், பாதிக்குமேல் விரல்நுனி அளவு ஸ்க்ரூடிரைவர் பிட்டுகள். ஆலன் கீ ஒவ்வொன்றும் ஒரு துண்டு, பிட் மாட்டும் பிடியும் ஒரு துண்டு. சாக்கெட் வரிசையில் 14-க்கு அடுத்து 17 இருந்தது. நடுவில் 15, 16 இல்லை. 18-ம் இல்லை. என் காரின் பிரேக் காலிப்பர் போல்ட்டோ 15.

அது மட்டுமா? இருந்த சாக்கெட் அத்தனையும் பன்னிரண்டு முனை. போல்ட்டின் தலை அறுகோணம். ஆறு முனை சாக்கெட் அதன் பக்கங்களை அழுத்திப் பிடிக்கும். பன்னிரண்டு முனை மூலைகளுக்குப் பக்கத்தில்தான் பிடிக்கும். துருப்பிடித்த போல்ட்டில் அதைப் போட்டு அழுத்தினேன், "டக்" என்று ஒரு சத்தம், தலை உருண்டுவிட்டது. அந்த ஒரு போல்ட்டை வெளியே எடுக்க ஒரு பகல் முழுக்கப் போனது.

ஆகவே துண்டு எத்தனை என்று கேட்காதீர்கள். எந்தெந்த அளவு இருக்கிறது, ஆறு முனையா, ராட்செட்டுக்கு (சாக்கெட்டை மாட்டி, எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் கைப்பிடி) எத்தனை பல் என்று கேளுங்கள். 24 பல் ராட்செட்டை ஒவ்வொரு பிடிக்கும் 15 டிகிரி திருப்பியாக வேண்டும். 72 பல் இருந்தால் 5 டிகிரி போதும். இன்ஜினுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த 10 டிகிரியின் அருமை தெரியும். நட்டை அடித்து அடித்துத் திருப்பும் இம்பாக்ட் கன் வைத்திருந்தால் பளபளக்கும் குரோம் சாக்கெட்டை அதில் மாட்டவே கூடாது, வெடித்துச் சிதறும். அதற்கென்று கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் தனியாக உண்டு. அளவுப் பட்டியலைக் காட்ட மறுக்கும் கடையில் பாதி விலை என்ன, கால் விலைக்குக்கூட வாங்காதீர்கள்.

கேள்வி: "3 டன்" என்று ஒட்டியிருந்த ஜாக் ஸ்டாண்டு வாங்கினேன். ஒன்றேகால் டன் கார்தான். முன்பக்கத்தை இறக்கி வைத்த இரண்டாம் நாளே ஒரு ஸ்டாண்டின் அடியில் வெல்டிங் விரிந்திருக்கிறது. விற்றவர், நான் தப்பாக வைத்ததுதான் காரணம் என்று கைவிரித்துவிட்டார்.

பதில்: உங்கள் மேல் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சமதளத் தரையில் வைத்த 3 டன் ஸ்டாண்டு, காரின் முன்பக்கப் பாரத்துக்கே வெல்டிங் விடுகிறது என்றால் அது விற்கத் தகுதியில்லாத பொருள். விரிசலை நீங்கள் கவனித்ததே பெரிய காரியம். கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

அந்த ஜோடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அதுதான் சாட்சி. குப்பையில் போட்டால் வேறு யாராவது எடுத்துப் பயன்படுத்தவும் கூடும். விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். லேபிள், பில், பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள். விற்றவருக்கும் தயாரித்தவருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. கார்டில் பணம் கொடுத்திருந்தால் வங்கியிடமும் முறையிடுங்கள். பொருளைத் திருப்பி அனுப்பச் சொன்னால், படமும் ரசீதும் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

அடுத்த ஜோடி வாங்கும்போது லேபிளில் ஒன்றைப் பாருங்கள்: எழுதியிருக்கும் டன் ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா? சிலர் ஜோடிக்குச் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். பல்லோடு குறுக்கே ஒரு பின்னும் மாட்டுகிற வகையாக எடுங்கள். காரை இறக்கி வைத்ததும், அடியில் போவதற்கு முன் பக்கவாட்டில் நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கப் போடுங்கள். முட்டு நழுவினாலும் கார் அதன்மேல் உட்காரும்.

கேள்வி: டூ போஸ்ட் லிஃப்ட் (இரண்டு தூண்களுக்கு நடுவில் காரைத் தூக்குவது) வந்து இறங்கிவிட்டது. இப்போது அளந்தால் கூரை 9 அடிதான். தரை எவ்வளவு கனம் என்றும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: டேப்பை எடுத்து நீட்ட இரண்டு நிமிடம் ஆகும். அதை ஏன் பணம் கட்டுவதற்கு முன் செய்யவில்லை? கார் 5 அடி உயரம், அதன் அடியில் நீங்கள் நிற்க 6 அடி. 11 அடி ஆகிவிட்டது. தரை விஷயம் இதைவிட மோசம். இந்த வகை லிஃப்டுக்குக் குறைந்தது 4 அங்குலக் கனத்தில் வலுவான காங்கிரீட் கேட்பார்கள், சில மாடலுக்கு இன்னும் அதிகம். தூணைப் பிடித்து நிற்பது தரையில் இறக்கும் ஆங்கர் போல்ட்டுகள்தான். தரை விட்டால் காரோடு சாயும். பெட்டியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள், போக்குவரத்துச் செலவு போனாலும் போகட்டும். ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்காத சிறிய சிஸர் லிஃப்ட் உங்கள் ஷெட்டுக்குப் போதும். அதையும் அளந்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: டார்க் ரெஞ்சால் நட்டைக் கழற்றலாமா?

பதில்: கூடாது. அது முறுக்கி முடிக்கிற கருவி. கிளிக் வகையாக இருந்தால், வேலை முடிந்ததும் அளவை அதன் ஆகக்குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள்.

கேள்வி: பெட்டியில் "3 ஹெச்.பி." என்று போட்ட கம்ப்ரஸர் வாங்கினேன். வீல் நட்டு கழற்றுகிறது. ஆனால் சாண்டர் (தேய்க்கும் கருவி) மாட்டினால் உடனே மூச்சு வாங்குகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பாதி ஏமாந்தீர்கள். என் முதல் கம்ப்ரஸரும் இப்படித்தான். பெட்டிமேல் இருந்த ஹெச்.பி.யைப் பார்த்து வாங்கினேன். சாண்டர் அரை நிமிடம் ஓடும், அப்புறம் டேங்க் நிரம்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பார்க்க வேண்டியது 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் எத்தனை சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) காற்று தருகிறது என்பது. நட்டு கழற்றும் கன் விட்டு விட்டு ஓடுவதால் 5 சி.எஃப்.எம். போலக் கிடைத்தால் சமாளிக்கும். சாண்டரும் ஸ்ப்ரே கன்னும் நிற்காமல் குடிக்கும், 10-க்கு மேல் கேட்கும். அந்த எண்ணைப் பெட்டியில் போடாமல் மறைத்தவர்கள்மேல்தான் என் கோபம்.

காற்றுக் குழாய்க்கு பி.வி.சி. போட நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள். அது அழுத்தத்தில் உடைந்தால் கத்தி கத்தியாகத் தெறிக்கும். டேங்குக்கு அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை அடிக்கடி வடியுங்கள், இல்லையென்றால் உள்ளே துரு தின்னும்.

கேள்வி: எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டினால் ஷட்டரை இறக்கிக்கொண்டு இன்ஜினை ஓடவிடலாமா?

பதில்: ஒரு நிமிடம்கூட வேண்டாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஷட்டரைத் திறந்து, காரை வெளியே நிறுத்தி ஓடவிடுங்கள்.

கேள்வி: காரின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் வாங்கினேன். ஆக்ஸிஜன் சென்சார் கோடு (code, கோளாறு எண்) காட்டியது. சென்சாரை மாற்றியும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு மறுபடி எரிகிறது. ஸ்கேனர் டூப்ளிகேட்டா?

பதில்: ஸ்கேனரைக் குறை சொல்ல முடியாது. எந்த இடத்தில் அளவு தப்புகிறது என்பதைத்தான் கோடு சொல்லும், எந்தப் பாகம் போனது என்பதைச் சொல்லாது. சைலன்ஸர் பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும், ஒயர் அறுந்திருந்தாலும் பழி சென்சார்மேல்தான் விழும். பழைய சென்சாரை வைத்திருக்கிறீர்கள் அல்லவா? தூக்கிப் போடாதீர்கள், அது நல்ல நிலையில்தான் இருக்கக்கூடும். முதலில் அந்த ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள், பிறகு இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, குழாய் இணைப்புகளில் "புஸ் புஸ்" என்று சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள்.