சிறிய சூரைக்குத் தூண்டில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான் பிடித்தது கவகவா என்ற சிறிய வகைச் சூரை மீன்தானா என்பதை எப்படி உறுதி செய்வது?

பதில்: மார்புத் துடுப்புக்குக் கீழே பாருங்கள், இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் பிடிபட்ட சூரைக்கு அங்கே மை தொட்டு வைத்தாற்போல் சில கரும்புள்ளிகள் இருந்தால், அது பெரும்பாலும் கவகவாதான். வரிச்சூரைக்கு வயிற்றில் நீளவாக்கில் கோடுகள் ஓடும்.

கேள்வி: கடல் கொதிப்பதுபோல் கூட்டம் மேலே துள்ளுகிறது. எதை வீசினாலும் கடிக்கவில்லை. ஏன்?

பதில்: முதல் காரணம் போலி இரையின் அளவு. விரல் நீள நெத்தலியைத் துரத்திக்கொண்டிருக்கும் கூட்டம் அதைவிடப் பெரிய எதையும் பல நேரங்களில் பொருட்படுத்துவதில்லை. ஆகவே 20 முதல் 30 கிராம் எடையுள்ள, ஒல்லியான உலோக ஜிக்கை, அதாவது சிறு மீன்போல் தோன்றும் உலோகப் போலி இரையை, கட்டுங்கள். இரண்டாவது காரணம் படகு. கூட்டத்தின் நடுவே படகைச் செலுத்தினால் கூட்டம் உடனே ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பதால், அது நகரும் திசையைப் பொறுமையாகக் கவனித்து, சுற்றி வந்து, எந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, அதன் போக்குக்கு முன்னால் வீசுங்கள். சில நொடிகள் மூழ்கவிட்டு, நிறுத்தாமல் வேகமாகச் சுற்றி இழுங்கள். சூரையின் வேகத்தை மிஞ்சும்படி எந்தக் கையாலும் ரீலைச் சுற்ற முடியாது. மேற்பரப்பு அடங்கிவிட்டாலும் கிளம்பிவிடாதீர்கள், கூட்டம் அடியிலேயே இருக்கக்கூடும்.

கேள்வி: கம்பி லீடர் (தூண்டில் நரம்புக்கும் போலி இரைக்கும் இடையே கட்டும் சிறு கம்பித் துண்டு) வேண்டுமா?

பதில்: வேண்டாம். இதன் பற்கள் சிறியவை. ஃபுளோரோகார்பன் என்ற நெகிழியாலான தூண்டில் நரம்பே போதும்.

கேள்வி: பிடித்த மீனை உயிரோடு விட முடியுமா? உண்பதற்கு வைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முடியும், ஆனால் தாமதம் கூடாது. சூரை வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் நீர் பாய்ந்து அதனால் மூச்சுவிட முடியும். அதனால் மெலிந்த நரம்பில் நெடுநேரம் அலைக்கழிப்பதை நான் ஏற்பதில்லை. மும்முனைத் தூண்டில் முள்ளுக்குப் பதில் ஒற்றை முள்ளைப் பொருத்தி, விடும்போது தலை கீழாக இருக்க நீருக்குள் விசையுடன் செலுத்துங்கள்.

வைத்துக்கொள்வதானால் உடனே செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, பனிக்கட்டி கலந்த கடல்நீரில் முழுதாக அமிழ்த்துங்கள். போராடிய சூரையின் உடல் சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக இருக்கும். அந்தச் சூடு தணியாவிட்டால் பாக்டீரியா தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு சமைத்தாலும் அந்த நஞ்சு அழியாது.