நுண்கோட்டுக்கு எந்தத் தூரிகை?

கேள்வி: ராஜஸ்தானிச் சிற்றோவியங்களைப் பார்த்து, போஸ்டர் வண்ணத்தில் உள்ளங்கை அளவுத் தாளில் வரைந்து பழகுகிறேன். கண்ணிமைக்கும் நகை வேலைப்பாட்டுக்கும் 000 எண் நைலான் தூரிகையைப் பயன்படுத்துகிறேன். கோடு பாதியிலேயே அறுந்துவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் முனையும் வளைந்துவிடுகிறது. விலை கூடிய கோலின்ஸ்கி தூரிகை வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வாங்கலாம், ஆனால் 000 எண்ணில் வேண்டாம். அத்தனை சிறிய தூரிகையின் வயிற்றில், அதாவது முடிக்கற்றையின் நடுப்பகுதியில், வண்ணம் மிகக் குறைவாகவே நிற்கும் என்பதால், நம் ஊர் வெயிலில் அது தட்டிலிருந்து தாளுக்கு வந்து சேர்வதற்குள் முனையிலேயே உலரத் தொடங்கிவிடுகிறது. உங்கள் கோடு அறுவதற்குக் கையை விட இதுவே காரணமாக இருக்கக்கூடும். எண் தூரிகையின் பருமனைத்தான் குறிக்கிறது, அதுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகிறது. முனை ஊசியாகக் கூடும் 1 அல்லது 2 எண் தூரிகை ஒன்று, இமைமுடியையும் வரையும், நீண்ட கோட்டுக்கும் வண்ணம் தரும்.

கோலின்ஸ்கி என்பது சைபீரிய வீசல் என்னும் சிறுவிலங்கின் வால்முடி. ஒவ்வொரு முடியும் நடுவில் சற்றுத் தடித்து நுனியில் இயல்பாகவே கூர்மையாவதால், அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதோடு, அழுத்தம் நீங்கியதும் நிமிர்ந்தும் விடுகிறது. 1866-இல் விக்டோரியா அரசிக்காக உருவாக்கப்பட்டதாகச் சொல்லப்படும் வின்சர் அண்டு நியூட்டன் நிறுவனத்தின் ‘சீரீஸ் 7’ தூரிகை இவ்வகையில் புகழ்பெற்றது. அதிலேயே ‘மினியேச்சர்’ என்ற பெயரில் முடி குட்டையான வகையும் விற்கிறது. பெயரைப் பார்த்து அதை வாங்கினால், உலரும் தொல்லை அப்படியே தொடரும். சாதாரண வட்ட முனைத் தூரிகையையே கேளுங்கள்.

இயன்றவரை கடைக்கே சென்று வாங்குங்கள். புதுத் தூரிகையின் முடியைப் பசை தடவிக் கூராக்கி வைத்திருப்பார்கள் என்பதால், எல்லாமே அங்கே அழகாகத் தெரியும். ஒரு குவளை நீர் கேட்டு வாங்கி, பசை கரையும் வரை நனைத்து, ஒரு முறை உதறிப் பாருங்கள். முனை ஒன்றாகக் கூடாமல் இரண்டாகப் பிரிந்தால், எந்த நிறுவனத்துடையதானாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

அந்த ஒரே தூரிகையைக் கொண்டு வண்ணம் குழைப்பதும் பின்னணி நிரப்புவதும் பணத்தை வீணாக்கும் வழி. அவற்றுக்கு மலிவான செயற்கை இழைத் தூரிகைகள் போதும். அக்ரிலிக்குக்கும் அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது உலோகக் குழலுக்குள் ஏறி உலர்ந்தால் முடி விரிந்து, பிறகு முனை ஒன்றாகச் சேரவே சேராது.

இன்னொன்று: கீரி முடித் தூரிகை என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்த வணிகத்தைத் தடை செய்கிறது.

கேள்வி: வளைந்துபோன நைலான் முனையை நிமிர்த்த முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஓரளவுக்கு முடியும். கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சுடுநீரில் முனையை மட்டும் சில நொடிகள் வைத்தெடுத்து, விரலால் கூராக்கி உலர விடுங்கள். வளைவு மீண்டும் வரும். அப்போது அதைக் குழைப்பதற்கு ஒதுக்கிவிடலாம். விலங்கு முடித் தூரிகைக்கு இதைச் செய்யாதீர்கள்.