பசுவுக்குப் போட்ட ஹார்மோன் ஊசி ஏன் பலன் தரவில்லை?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு இரண்டாம் ஈற்றில் கன்று ஈன்று ஐந்து மாதம் ஆகிறது. நாளொன்றுக்கு 9 லிட்டர் கறக்கிறது. தீவனம் வைக்கோலும் தவிடும்தான், விலா எலும்பு தெரிகிறது. பருவத்தைத் தவறவிட்டதால் நான்காம் நாள் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டோம், மாடு பருவத்துக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து ஜி.என்.ஆர்.எச். ஊசியுடன் கருவூட்டல் செய்தும் சினை பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பசுவோ அதே புரோஸ்டாகிளாண்டின் ஊசிக்கு மூன்றாம் நாளே பருவத்துக்கு வந்தது. மருந்து போலியா? அளவை இரட்டிப்பாக்கலாமா?
– நாமக்கல் மாவட்ட வாசகர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மருந்தைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை, அளவை இரட்டிப்பாக்குவதும் வீண் செலவே. இரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு ஓடினாலும், அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் சினைப்பையின் செல்களில் இருந்து, அந்தச் செல்களும் பக்குவப்பட்டிருந்தால்தான் ஊசி வேலை செய்யும். அந்த ஏற்பிகளைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் வேறு ஹார்மோன்களே.

கருமுட்டையைத் தாங்கி நிற்கும் நுண்பையின் சுவரில் இரண்டு அடுக்குகள் உண்டு. வெளியடுக்கின் தீக்கா செல்களில், முட்டையை வெளிப்படச் செய்யும் எல்.எச். ஹார்மோனுக்கான ஏற்பி தொடக்கத்திலிருந்தே இருக்கும். உள்ளடுக்கின் கிரானுலோசா செல்களிலோ முதலில், நுண்பையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனுக்கான ஏற்பி மட்டுமே இருக்கும். வெளியடுக்கு சுரக்கும் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனை உள்ளடுக்கு ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இந்த ஈஸ்ட்ரோஜனும் எஃப்.எஸ்.எச்.சும் சேர்ந்து, இன்சுலின், அதைப் போன்ற வளர்ச்சிக் காரணியான ஐ.ஜி.எஃப்-1 ஆகியவற்றின் துணையோடு, கிரானுலோசா செல்களிலும் எல்.எச். ஏற்பியை உண்டாக்குகின்றன. நுண்பை ஏறத்தாழ 8 முதல் 9 மில்லிமீட்டர் விட்டத்தை எட்டும்போது இது நடக்கிறது. 10 மில்லிமீட்டரை எட்டிய பிறகே எல்.எச். திடீரென உயரும் எழுச்சிக்கு நுண்பை உடைந்து முட்டை வெளிப்படும் என்று எதிர்பார்க்கலாம்.

ஜி.என்.ஆர்.எச். ஊசி சினைப்பையை நேரடியாகத் தூண்டுவதில்லை. அது மூளையடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து எல்.எச்.சை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். வைக்கோலையும் தவிட்டையும் தின்று 9 லிட்டர் பால் தரும் பசு, தின்பதைவிட அதிகச் சத்தைப் பாலில் இழக்கிறது. அப்படிப்பட்ட மாட்டில் இன்சுலினும் ஐ.ஜி.எஃப்-1உம் தாழ்ந்துவிடும், விட்டுவிட்டுச் சுரக்கும் எல்.எச். துடிப்புகளும் மந்தமாகும், நுண்பை வளர்ந்தாலும் முழுப் பக்குவத்தை எட்டாமல் சுருங்கிவிடும். ஊசி எல்.எச்.சை வெளியேற்றினாலும் அதை ஏற்க வேண்டிய செல்கள் தயாராக இல்லை என்பதே உங்கள் இரண்டாவது ஊசியின் கதையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் ஊசியின் கதை வேறு. புரோஸ்டாகிளாண்டினின் வேலை, முட்டை வெளிப்பட்ட இடத்தில் உருவாகும் மஞ்சள் திட்டைக் கரைப்பது; அது கரைந்தால்தான் மாடு மீண்டும் பருவத்துக்கு வரும். பருவம் கண்ட முதல் ஐந்து நாட்களில் திட்டு இளசாக இருக்கும். ஏற்பிகள் அப்போதே இருந்தும், கரைவதற்கான உள்வினைகள் அந்தச் செல்களில் இன்னும் தொடங்குவதில்லை. ஆகவே நான்காம் நாள் ஊசிக்குப் பலன் கிடைக்காததில் வியப்பில்லை. பக்கத்து வீட்டுப் பசுவுக்கு முதிர்ந்த மஞ்சள் திட்டு இருந்திருக்கும்.

இப்போது ஊசியை நிறுத்திவிட்டுத் தீவனத்தைச் சரிசெய்யுங்கள். உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்ற கணக்கில் உங்கள் பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ அடர்தீவனம் தேவை. வயிறு கெடாமலிருக்க அதைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கம்பு நேப்பியர் புல்லும் வேலிமசாலும் சேர்த்து 20 முதல் 25 கிலோ பசுந்தீவனமும், 50 கிராம் தாது உப்புக் கலவையும் கொடுங்கள். உடல் தேறத் தொடங்கியதும் கால்நடை மருத்துவரை அழைத்து, ஸ்கேன் வழியாகவோ கைவிட்டுப் பார்த்தோ சினைப்பையின் நிலையை அறியுங்கள். சினை இல்லை என்பதையும் உறுதிசெய்யச் சொல்லுங்கள், ஏனெனில் சினைமாட்டுக்குப் புரோஸ்டாகிளாண்டின் போட்டால் கரு கலையும்.

அதன்பின் முதல் நாள் ஜி.என்.ஆர்.எச்., ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின், அதிலிருந்து 56 மணி நேரத்தில் மீண்டும் ஜி.என்.ஆர்.எச்., 16 மணி நேரம் கழித்துக் கருவூட்டல் என்ற முறையைக் கேட்டுப் பாருங்கள். பருவ அறிகுறி தெரியாத ஊமைப் பருவ மாடுகளுக்கும் இது ஒத்துவரும். ஒரு மணி நேரம் முன்பின்னானால் பெரிய கேடில்லை, ஆனால் நாள் தவறக் கூடாது.

புரோஸ்டாகிளாண்டின் மருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். வீட்டில் கருவுற்ற பெண்களோ ஆஸ்துமா உள்ளவர்களோ இருந்தால், அவர்கள் அந்தக் குப்பியையும் ஊசியையும் தொடக் கூடாது.