முந்திக்கொண்டால் லாபமா?

கேள்வி: கண்ணில் மாட்டிக்கொண்டு பார்க்கும் மெய்நிகர் உலகக் (வி.ஆர்.) கருவிகளில் ஆப்பிள் இவ்வளவு தாமதித்தது சரியா? ஃபேஸ்புக் போல முன்பே இறங்கியிருக்க வேண்டாமா?

பதில்: முந்தியவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். 1995-இல் வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோ ‘வெர்ச்சுவல் பாய்’ என்ற விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்தது. மேசைமேல் கால் ஊன்றி நிற்கும் பெட்டி. குனிந்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே கறுப்புப் பின்னணியில் சிவப்பு ஒன்றுதான் நிறம். கண் களைத்துப்போகும் என்பதால், இடையிடையே ஆட்டத்தை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்லும் வசதியையும் வைத்திருந்தார்கள்! ஓராண்டு முடிவதற்குள் கடையைக் கட்டிவிட்டார்கள்.

ஃபேஸ்புக் 2014-இல் சுமார் 200 கோடி டாலருக்கு மெய்நிகர் கருவிகள் செய்யும் ஆக்குலஸ் நிறுவனத்தை வாங்கியது. 2021-இல் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. (எந்த எண் கணித ஜோதிடர் சொன்னாரோ!) 2022-இல் மட்டும் மெய்நிகர் கருவிகளைக் கவனிக்கும் பிரிவில் 1,300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

ஆப்பிள் பொறுத்ததில் தவறே இல்லை. 2024-இல் வந்த அவர்களுடைய மெய்நிகர் கருவியான விஷன் புரோவைப் பார்த்தால், இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றுகூடச் சொல்வேன். விலை 3,499 டாலர். எடை அரைக் கிலோவுக்கு மேல், அத்தனையும் முகத்தில். பேட்டரியோ தனியாக ஒயரில் தொங்குகிறது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் சினிமா பார்க்க வேண்டும்.