முதலில் கால அட்டவணையைக் காட்டுங்கள்: ஆங்கிலம் கற்கும் மாணவர்களும் பள்ளி முதல்வரும்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஈ.எஸ்.எல். ஆசிரியையாகத் தொடங்கி, முதல்வராக ஓய்வுபெற்றவள் நான். அங்கே பணிபுரிவோரும் பிள்ளைகளைப் படிக்க வைப்போரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: விரைவில் முதல்வராகப் பொறுப்பேற்கிறேன். பள்ளியில் ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் நிறையப் பேர். முதலில் எதில் கை வைப்பது?

கால அட்டவணையில். கணிதம், இசை, உடற்பயிற்சி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, மிச்சமிருக்கும் இடுக்குகளில் ஈ.எஸ்.எல். பாடவேளையைச் செருகுவது பல பள்ளிகளின் வழக்கம். நான் ஆசிரியையாக இருந்த ஓராண்டு அந்த இடுக்கு அறிவியல் ஆய்வக நேரத்தில் வந்து விழுந்தது. உடைந்த நாற்காலிகள் அடுக்கிய சாமான் அறையில் எட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து, படத்தைக் காட்டி 'பீக்கர்' என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய வகுப்புத் தோழர்கள் நிஜ பீக்கரில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல்வரானதும் வெள்ளைத்தாளில் ஈ.எஸ்.எல். ஆசிரியர்களின் பாடவேளைகளைத்தான் முதலில் எழுதினேன். அவர்களில் ஒருவரை அந்த ஆய்வகத்துக்குள்ளேயே அனுப்பினேன். அறிவியல் ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை; சில வாரங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து பாடம் திட்டமிட வாரத்தில் ஒரு பொதுப் பாடவேளை ஒதுக்கிய பிறகுதான் நிலைமை சீரானது. அந்த ஒரு பாடவேளையைக் கொடுக்காமல் இரண்டு பேரை ஒரே வகுப்பில் நிறுத்தினால், ஒருவர் நடத்துவார். மற்றவர் பென்சில் சீவிக் கொடுப்பார்.

கேள்வி: ஈ.எஸ்.எல். வகுப்புக்கு நிதி இல்லை என்று எங்கள் முதல்வர் கைவிரிக்கிறார். சட்டம் இடம் தருகிறதா?

தரவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடுத்த லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில், 1974-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: மொழி புரியாத பிள்ளைக்கு எல்லோருக்கும் தரும் அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாகாது. 1981-இல் காஸ்டன்யேடா எதிர் பிக்கார்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று அளவுகோல்களை வைத்தது. திட்டம் கல்வியாளர்கள் ஏற்கும் கோட்பாட்டின் மீது நிற்கிறதா? அதை நடத்தப் போதிய ஆட்களும் வசதியும் உண்டா? பிள்ளைகள் உண்மையில் முன்னேறுகிறார்களா? நான் பார்த்தவரை முதல்வர்கள் வழுக்குவது மூன்றாவதில்தான். பலன் தராத திட்டத்தை மாற்றியாக வேண்டும். ஆண்டுதோறும் புதுப் பெயர் சூட்டுவது மாற்றமில்லை.

கேள்வி: சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினோம். மகனை ஈ.எஸ்.எல். வகுப்பில் போட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் அந்தப் படிவம் அவனை ஆங்கிலத் திறன் தேர்வு எழுத அனுப்பியதே தவிர வகுப்பில் சேர்க்கவில்லை, சேர்த்தது மதிப்பெண். கல்வியாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் காரணத்தை விளக்கிக் கடிதம் வர வேண்டும். அதிலுள்ள மதிப்பெண்ணைப் பார்த்து, எழுத்தில் தடுமாறுகிறானா வாசிப்பில் தடுமாறுகிறானா என்று முதல்வரிடம் கேளுங்கள். பிறகு முடிவெடுங்கள். மறுத்தாலும் ஆண்டுதோறும் ஆங்கிலத் திறன் தேர்வை அவன் எழுதத்தான் வேண்டும். இதற்காக வீட்டில் தமிழை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: என் மாணவி ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுகிறாள், தேர்வில் பாதி காலி. சோம்பேறி என்கிறார் முதல்வர்.

விளையாட்டுத் திடலின் ஆங்கிலம் வேறு, பாடநூலின் ஆங்கிலம் வேறு. பேச்சுமொழி இரண்டு ஆண்டுகளில் படிந்துவிடும், பாடமொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் வெகுகாலத்துக்கு முன்பே காட்டினார். அவள் வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று முதல்வரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

கேள்வி: ஈ.எஸ்.எல். திட்டத்திலிருந்து தேறி வெளியேறிய பிள்ளையைப் பள்ளி மறந்துவிடலாமா?

கூடாது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். சறுக்கினால் மீண்டும் கைகொடுக்க வேண்டும்.

கேள்வி: பெற்றோர் சந்திப்பில் மாணவனையே மொழிபெயர்க்கச் சொல்லலாமா? எங்கள் பள்ளியில் அப்படித்தான் நடக்கிறது.

தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. நானும் ஒருமுறை அவசரத்தில் இந்தத் தவறைச் செய்தேன். "கணிதத்தில் வீட்டுப்பாடம் ஒன்பது பாக்கி" என்றேன். பையன் அம்மாவிடம் ஏதோ சொன்னான். அவர் முகம் மலர்ந்து, எழுந்து வந்து என் கையைப் பற்றிக்கொண்டு நன்றி சொன்னார்.