அஸ்கிரைப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? எங்கிருந்து வந்தது?

தேர்வுக்குப் படிக்கிறீர்கள், அல்லது அலுவலகக் கடிதத்தில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கடிதம் என்றால், சொல்லுக்குப் பின்னால் வரும் 'டு'வுக்கு அடுத்து யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒன்றை இன்னாருடையது, இன்னதனால் நேர்ந்தது என்று ஏற்றிச் சொல்வதுதான் அஸ்கிரைப். கையெழுத்தில்லாத ஓவியத்தை ஓர் ஓவியர் பேரில் ஏற்றலாம். தோல்வியை விதியின் மேல் ஏற்றலாம். லத்தீனில் 'ஸ்கிரிபெரே' என்றால் எழுதுவது. முன்னால் 'அட்' சேர்ந்தால் ஒன்றோடு சேர்த்து எழுதுவது, பட்டியலில் பதிவது. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் 'அஸ்கிரைவ்' என்று ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு லத்தீனைப் பார்த்து எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். ஸ்கிரிப்ட், டிஸ்கிரைப், சப்ஸ்கிரைப் எல்லாம் பங்காளிகள்.

நான் இந்தச் சொல்லை அகராதியில் தேடியது ஒரு கூட்டக் குறிப்பைப் படித்த அன்று. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஓர் அறிக்கை தாமதமானது. கணக்குப் பிரிவு விவரங்களைக் கடைசி நேரத்தில்தான் தந்தது. கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சல்களும் இருந்தன. குறிப்பில் தாமதம் 'அஸ்கிரைப்டு டு' என்று போட்டு என் பெயர். அதே அறிக்கைக்குப் பாராட்டு வந்தபோது 'டு'வுக்கு அப்புறம் மேலாளர் பெயர். கணக்குப் பிரிவு எங்குமே இல்லை.

பொருளைப் படித்ததும் ஒன்று பிடிபட்டது. இந்தச் சொல் 'இதுதான் உண்மை' என்று சொல்வதில்லை. யாரோ அப்படிக் கருதி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் "எழுதியது யார், எதை வைத்து?" என்று கேட்டேன். குறிப்பைத் திருத்தினார்கள், முகம் கோணாமல் அல்ல.

பழி சுமத்த 'இம்ப்யூட்' இருக்கிறதே என்று யாராவது வருவீர்கள். இருக்கிறது. 'புடாரே', அதாவது கணக்கிடுதல், அதன் வேர். கம்ப்யூட்டர் அதன் உறவுதான். பெரும்பாலும் குறை சொல்லத்தான் அது பயன்படும். அஸ்கிரைப் நல்லது கெட்டது இரண்டுக்கும் பொது. நான் மொழியியல் படித்தவள் இல்லை, ஆனால் இந்த வித்தியாசம் தெரிய அது தேவையும் இல்லை.

சமூகவியல் மாணவர் என்றால் இன்னொன்று. 1936இல் ரால்ஃப் லின்டன் என்ற அமெரிக்க மானிடவியலாளர், பிறப்பாலேயே ஒருவர் மேல் ஏற்றப்படும் நிலையை 'அஸ்கிரைப்டு ஸ்டேட்டஸ்' என்றார்; முயன்று பெறுவது 'அச்சீவ்டு'. தமிழில் படித்தவர்களுக்குத் தற்குறிப்பேற்ற அணி போதும்: மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் ஆடுகிறது, 'வராதே' என்று கைகாட்டுவதாகச் சிலப்பதிகாரம் அதன் மேல் ஏற்றிச் சொல்கிறது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கூட்டக் குறிப்பு எழுதும் வேலை மட்டும் எப்படி எப்போதும் அறையில் இருக்கும் பெண்ணின் தலையிலேயே விழுகிறது? "உன் கையெழுத்து அழகு" என்பார்கள். தட்டச்சு செய்வதற்கு எதற்குக் கையெழுத்து? தாமதத்தை என் பேரில் எழுதிய அந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் நான் விடுப்பில் இருந்தேன்.